இருண்ட வலையில் வாங்கிய வியாதி

இனிமேல் தன் உடம்புக்குத் தானே எஜமான் என்று கமா ஒரு வெள்ளிக்கிழமை மாலை முடிவு செய்தார். முடிவை மனதுக்குள்தான் செய்தார். மனைவி பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

கமா என்பது அச்சகத்தில் அவருக்கு வைத்த பெயர். இருபத்தாறு வருஷமாக அங்கே அவருக்கு மெய்ப்புத் திருத்தும் வேலை. எதிரே ஒருவர் மூலப்பிரதியை வைத்துக்கொண்டு உட்காருவார், இவர் அச்சடித்த தாளை உரக்கப் படிக்க வேண்டும். எழுத்தை மட்டும் படித்தால் போதாது. கமா, முற்றுப்புள்ளி, மேற்கோள் தொடக்கம், மேற்கோள் முடிவு என்று எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும். பழக்கம் தொண்டையிலேயே குடியேறிவிட்டது. மருந்துச் சீட்டோ மின்கட்டண அறிவிப்போ, கண் பட்டால் வாய் கிளம்பிவிடும். எழுதினாலும் அதே கதைதான். நிச்சயம் முடிந்த புதிதில் இவர் எழுதிய காதல் கடிதங்களை, "அன்பே கமா" தொடங்கி "ஆயிரம் முத்தங்கள் ஆச்சரியக்குறி" வரை, அப்போது இவர் தங்கியிருந்த விடுதியின் மூன்றாம் மாடி முழுவதும் இலவசமாகக் கேட்டு ரசித்தது. இன்றுவரை அந்த மனிதருக்கு அது தெரியாது. தான் மௌனமாக எழுதுவதாகவே அவருடைய நினைப்பு.

சங்கடம் போன மாதம் ஆரம்பித்தது. அச்சகத்துப் படியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். சோதித்துப் பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை தாராளமாக ஓடிக்கொண்டிருந்தது. இனிப்பை விடணும், தினம் நடக்கணும் என்றார் டாக்டர். சொன்னதோடு அவர் மறந்துவிட்டார். மறக்காதவள் மனைவி. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் முன்மேசையில் உட்கார்ந்து, ஊரார் சர்க்கரையையெல்லாம் உறையில் போட்டுக் கொடுக்கிறவள். விடுவாளா? சர்க்கரை டப்பா வீட்டைவிட்டே போயிற்று. காலை ஐந்தரைக்குப் போர்வையும் போயிற்று.

அச்சகத்தில் பக்க வடிவமைப்புச் செய்யும் ஆசாமியிடம் கமா புலம்பினார். அந்த மகான்தான் வழி காட்டினார்.

"டார்க் வெப்னு ஒண்ணு இருக்கு சார். நம்ம இன்டர்நெட்டுக்கு அடியில இன்னொரு இன்டர்நெட். அங்க கிடைக்காததே இல்ல."

"டாக்டர் சர்ட்டிபிகேட் கிடைக்குமா?"

"சார், அங்க துப்பாக்கி கிடைக்குது, பாஸ்போர்ட் கிடைக்குது. நீங்க என்னடான்னா..."

"எனக்குத் துப்பாக்கி எதுக்குய்யா? நடக்கக்கூடாதுன்னு ஒரு காகிதம் போதும்."

உலகத்துக் கொள்ளைக்காரனும் கள்ளக்கடத்தல்காரனும் ஒளிந்து வாழ்கிற பாதாளத்துக்குள், ஒரு துண்டு கிரீம் கேக்குக்காக இறங்கத் துணிந்த ஒரே வீரர் நம்முடைய கமாவாகத்தான் இருப்பார்.

சனிக்கிழமை மதியம் கம்ப்யூட்டர் அறைக்குள் போனார். கதவைச் சாத்தினார். தாழ் போட்டார். ஜன்னலைச் சாத்தினார். வாயை மட்டும் சாத்தவில்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் சமையலறை. மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

வடிவமைப்பு ஆசாமி ஏற்றிக் கொடுத்த பிரவுசரில் வெங்காயப் படம் போட்டிருந்தது. பொருத்தமான படம்தான். ஒரு பக்கம் திறப்பதற்குள் ஒரு முழு வெங்காயத்தையே உரித்து முடித்துவிடலாம். நரகத்தின் வாசலைப் பார்க்கப்போகிறோம் என்று கமா மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வந்தது ஒரு சந்தைக்கடை. கள்ள பாஸ்போர்ட்டுக்கு நாலரை நட்சத்திரம். திருட்டுக் கிரெடிட் கார்டு இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். ஆளைத் தீர்த்துக்கட்டுகிறவன், 'திருப்தி இல்லாவிட்டால் ஏழு நாளில் புகார் செய்யவும்' என்று போட்டிருந்தான். யார் புகார் செய்வது, செத்தவனா? கமாவுக்குப் பயம் போய் இளக்காரம் வந்தது. இதற்கா இத்தனை இருட்டு?

கடைசியில் 'டாக்டர் நிழல்' என்றொரு கடை தென்பட்டது. எல்லா மொழியிலும் சான்றிதழ் கிடைக்குமாம். தமிழைத் தட்டினார். விளம்பரம் விரிந்தது.

"எங்களிடம் எல்லா வியாதியும் நல்ல தரத்தில் கிடைக்கும் முற்றுப்புள்ளி. உங்கள் நோயே எங்கள் மகிழ்ச்சி ஆச்சரியக்குறி. கூரியரில் வீடு தேடி சாவோம்..." கமா நிறுத்தினார். "சாவோமா? வருவோம்டா, வருவோம்!"

இருபத்தாறு வருஷத் தொழில் துடித்தது. வந்த வேலை மறந்துபோயிற்று. கடையில் கணக்குத் தொடங்கினார், புகார் எழுதுவதற்காகவே.

"பெயர், கே, ஏ, எம், ஏ. கடவுச்சொல், பெரிய எஸ், டபிள்யூ, ரெண்டு ஈ, டி, எட்டு, ஆச்சரியக்குறி."

சமையலறையில் கத்தி ஒரு நிமிஷம் நின்று, பிறகு தொடர்ந்தது.

நாற்பத்தொரு பிழைகளைப் பட்டியல் போட்டு அனுப்பினார். அரைமணி நேரத்தில் பதில் வந்தது. 'அய்யா நீங்கள் மிக அறிவு உள்ளீர். கடை முழுக்க சரி செய்க. உங்கள் வியாதி இலவசம்.'

அந்தச் சனியும் மறுநாள் ஞாயிறும், உலகக் கள்ளச் சான்றிதழ் வியாபாரத்துக்கு ஒற்றுப்பிழை நீக்கிக் கொடுத்தார் நம்மவர். அச்சகத்தில் ஐம்பது பக்கம் படித்தால் தோள்வலி என்பவருக்கு, இங்கே இருநூறு வியாதி படித்தும் வலிக்கவில்லை. ஞாயிறு மதியம் தன் சொந்தத் தேவையை எழுதினார், வழக்கமான மௌனத்தோடு.

"அச்சகத்து மேசையின் இரண்டாவது இழுப்பறையில் ஒளித்த மிட்டாய் எனக்குப் போதவில்லை முற்றுப்புள்ளி. நோயாளி எக்காரணம் கொண்டும் நடக்கக்கூடாது முற்றுப்புள்ளி. மாலையில் கேக் கமா கிரீம் பிஸ்கட் கமா தவறாமல் தர வேண்டும் முற்றுப்புள்ளி. வீட்டில் யாரும் நோயாளியை எதிர்த்துப் பேசக்கூடாது ஆச்சரியக்குறி."

சான்றிதழ் சனிக்கிழமை வீட்டுக்கு வரும், அதுவரை பாதுகாப்புக்காகக் கடைப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டாம் என்று டாக்டர் நிழல் பதில் போட்டார். கமா சொன்னபடி கேட்டார். திங்கள் முதல் தினமும் அச்சகம் போனார், சாயங்காலம் வந்தார். மனைவிக்குப் பகல் ஒரு மணிக்கே வேலை முடிந்துவிடும்.

திங்கட்கிழமை மாலை மனைவியின் தம்பி வந்திருந்தான். லிஃப்ட் பழுதுபார்க்கிறவன். சாட்சிக்கு ஆள் கிடைத்த தைரியத்தில் கமா பேச்சை எடுத்தார்.

"என் ரிப்போர்ட் எல்லாத்தையும் பெரிய ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தருக்கு அனுப்பியிருக்கேன். வெளிநாட்டுல படிச்சவர். சனிக்கிழமை லெட்டர் வரும்."

மனைவி ஆச்சரியப்படவில்லை. அதுவே அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"நல்லதாப் போச்சுங்க. அவர் என்ன எழுதினாலும் கேப்பீங்களா?"

"எழுத்துக்கு எழுத்து!"

"நடுவுல மாத்திப் பேச மாட்டீங்களே?"

"நான் எதுக்கு மாத்தணும்? நீ மாத்தாம இருந்தா சரி."

"டேய், கேட்டுக்கோடா. உன் மாமா வாயாலேயே சொல்லிட்டார்." பிறகு அவள் குரல் இறங்கிற்று. "படியில உக்காந்துட்டார்னு அன்னிக்குப் போன் வந்தப்போ, உயிரே என்கிட்ட இல்லடா. செருப்புகூடப் போடாம ஓடினேன். யார் சொல்லியாவது இவர் கேட்டாப் போதும்."

கமாவுக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஒரு நிமிஷம் வெட்கப்படவும் செய்தார். அடுத்த நிமிஷம் கேக் ஞாபகம் வந்தது, வெட்கம் விலகிக்கொண்டது.

சனிக்கிழமை நாலு மணிக்கு உறை வந்தது. முத்திரை என்ன, கையெழுத்து என்ன, அசல் டாக்டர் தோற்றார். மச்சினனும் வந்திருந்தான். அக்கா வரச்சொன்னாளாம்.

"நீங்களே படிங்க. உங்களுக்குத்தானே படிச்சுப் பழக்கம்," என்றாள் மனைவி.

கமா தொண்டையைச் செருமிக்கொண்டு வெற்றிக்குரலில் தொடங்கினார்.

"நோயாளி தினமும் காலையில் நாற்பது நிமிடம் கமா மாலையில் நாற்பது நிமிடம் கமா..." குரல் தடுமாறியது. நிறுத்தப் பார்த்தார். தொடங்கிய வாக்கியத்தை முற்றுப்புள்ளிக்கு முன்னால் விட்டுவிட அந்த வாய்க்குத் தெரியாது. "கட்டாயம் நடக்க வேண்டும் முற்றுப்புள்ளி."

"மேல படிங்க மாமா."

"கேக் கமா கிரீம் பிஸ்கட் கமா அச்சகத்து மேசையின் இரண்டாவது இழுப்பறையில் உள்ள மிட்டாய் கமா அறவே கூடாது முற்றுப்புள்ளி."

"அடேங்கப்பா! இழுப்பறை வரைக்கும் ஸ்கேன்ல தெரிஞ்சிருக்கு!" என்றான் மச்சினன்.

கடைசி வரி பாக்கியிருந்தது. "நோயாளி வீட்டில் யாரையும் எதிர்த்துப் பேசக்கூடாது... ஆச்சரியக்குறி."

"எழுத்துக்கு எழுத்துன்னு சொன்னீங்க இல்ல மாமா?"

என்ன சொல்லமுடியும்? இது பொய்ச் சான்றிதழ் என்று கத்தலாம். எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நான் கேட்டது இதில்லை என்று கதறலாம். யாரிடம் என்ன கேட்டீர்கள் என்பார்கள். அதோடு எதிர்த்துப் பேசக்கூடாது என்று முத்திரை குத்தியே வந்திருக்கிறது.

"ஒரு நிமிஷம்," என்று எழுந்து கம்ப்யூட்டர் அறைக்குள் பாய்ந்தார். கதவைச் சாத்தினார், தாழ் போட்டார். டாக்டர் நிழலை உண்டு இல்லை என்று பண்ணிவிடுவது, திருத்திக் கொடுத்த பிழைகளையெல்லாம் திரும்பப் போடச் சொல்வது என்று கணக்கைத் திறக்கப் போனார்.

"பெரிய எஸ், டபிள்யூ, ரெண்டு ஈ, டி, எட்டு, ஆச்சரியக்குறி."

தவறான கடவுச்சொல் என்றது கடை. மறுபடியும் போட்டார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"பெரிய எஸ், டபிள்யூ, ரெண்டு ஈ, டி, எட்டு, ஆச்சரியக்குறி!"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, பீன்ஸ் நறுக்கும் சத்தத்துக்கு நடுவே மனைவியின் குரல் வந்தது.

"அதைத் திங்கட்கிழமையே மாத்திட்டேங்க. நாப்பது நிமிஷம் நடந்துட்டு வாங்க, புதுசைச் சொல்றேன்."