கோபம் ஏற்பு அலுவலர்

குடிநீர் வழங்கல் அலுவலகம் என்று ஒன்று இருந்தால், அங்கே குடிநீரைத் தவிர மற்றதெல்லாம் கிடைக்கும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நாம் சொல்ல வந்த அலுவலகமும் லேசுப்பட்டதல்ல. காலையில் கதவு திறந்ததும் டோக்கன் வரிசைப்படி ஜனங்கள் உள்ளே வருவார்கள். எந்த மேஜை கண்ணில் படுகிறதோ அதைப் பிடித்துக்கொண்டு வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். திட்டு வாங்கிய ஊழியருக்கு அன்று முழுக்கக் கை ஓடாது. மற்ற நாட்களில் ஓடியதா என்று கேட்காதீர்கள்.

இதற்கு விடிவு மேலதிகாரியின் செல்போனிலிருந்து பிறந்தது. அவர் அலுவலக நேரத்தில் மட்டும் ஒரு சண்டை விளையாட்டு ஆடுவார். நாம் ஒரு முறை அடித்தால் எதிரி ஒரு முறை அடிப்பான். மாறி மாறிப் போகும். அதில் ஒரு தடியன் உண்டு. தன் முறை வந்தால் அவன் யாரையும் அடிக்காமல் கேடயத்தைத் தட்டி, "வாங்கடா, என்னை அடிங்கடா!" என்று கத்துவான். எதிரிகள் அத்தனை பேரும் மற்றவர்களை மறந்து அவன் மேலேயே பாய்வார்கள். பின்னால் நிற்கும் கூட்டாளிகள் மேல் ஒரு கீறல் விழாது.

"அட, நம்ம ஆபீஸும் இதேதானே!" என்று மேலதிகாரி துள்ளி எழுந்தார். "டோக்கன் வர்றது அவங்க முறை. பதில் சொல்றது நம்ம முறை. நம்மகிட்ட ஒரு தடியன்தான் இல்லை."

தடியன் கிடைக்கவில்லை, இணைப்புப் பிரிவு எழுத்தர் கிடைத்தார். ஒல்லி, பரம சாது, கொசுவை அடிக்கக்கூட யோசிப்பவர். அவருடைய மனைவி வேறு ஊரில் டீச்சர். சின்ன மகளும் அவளோடுதான். அந்த ஊருக்கு மாற்றல் கேட்டுக் கேட்டு மனுஷனுக்கு நாக்கு வறண்டுவிட்டது. "எங்க அப்பா போனுக்குள்ள இருக்கார்" என்று மகள் பக்கத்து வீட்டாரிடம் சொல்கிறாளாம். அதைக் கேட்டதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

"வாசலுக்கு நேரா உக்காந்து ஆறு மாசம் திட்டு வாங்குங்க. மாற்றலுக்கு நானே கையெழுத்துப் போடறேன்" என்றார் மேலதிகாரி.

மறுநாளே ஆணை பிறந்தது: 'பொதுமக்களின் கோபத்தை முறைப்படி ஈர்த்து, ஒருமுகப்படுத்தி, பிற ஊழியர்பால் சிதறாவண்ணம் தம்மேல் இறக்கிக்கொள்ளும் பொருட்டு, இவர் கோபம் ஏற்பு அலுவலராக இதன்மூலம் நியமிக்கப்படுகிறார்.'

முதல் நாளே சொதப்பல். காலிக் குடத்தோடு வந்த ஒரு அம்மாவிடம் எழுத்தர் பழக்க தோஷத்தில், "உக்காருங்கம்மா, என்ன விஷயம்?" என்று கேட்டுத் தொலைத்துவிட்டார். இவரைத் திட்ட அந்த அம்மாவுக்கு மனசு வரவில்லை. கொண்டுவந்த கோபத்தைத் திருப்பி வீட்டுக்கா எடுத்துப்போக முடியும்? நேரே கணக்குப் பிரிவுக்குப் போய் அங்கே கொட்டிவிட்டுப் போனார்.

மாலையில் எழுத்தருக்கு மெமோ. பணி நேரத்தில் மரியாதையாக நடந்துகொண்டது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள்.

"ஒவ்வொரு முறையும் கேடயத்தைத் தட்டணும்யா! ஒரு தடவை விட்டா எதிரி பின்னால வந்துடுவான்" என்று மேலதிகாரி தலையில் அடித்துக்கொண்டார்.

"எங்கிட்ட கேடயம் இல்லையே சார்."

"கொட்டாவி இருக்கில்ல?"

அன்றிலிருந்து எழுத்தர் தேறிவிட்டார். டோக்கன் வந்ததும் நிதானமாக ஒரு கொட்டாவி. ஆள் பேச ஆரம்பித்ததும் நகம் வெட்டுவது. அப்படியும் கோபம் வராத உத்தமர்களுக்கென்றே, "தண்ணி வரலைன்னா இப்ப என்ன குடியா முழுகிடுச்சு?" என்று ஒரு கேள்வி. அவ்வளவுதான், கூரை பறக்கும். விளையாட்டில் அடிபட்டவனுக்கு உயிரேற்ற ஒரு வைத்தியக்காரி உண்டாம். அதனால் நாலு திட்டுக்கு ஒரு டீ வீதம் எழுத்தருக்கு உயிரேற்றும் பொறுப்பு பியூனிடம் ஒப்படைக்கப்பட்டது.

பின்னால் இருந்தவர்கள் பாடு கொண்டாட்டம். மிச்சமான நேரத்தில் அவர்கள் வேலை பார்த்திருப்பார்கள் என்று நினைத்தால் நீங்கள் ரொம்ப நல்லவர். எல்லோரும் மேலதிகாரியோடு சேர்ந்து அதே விளையாட்டை ஆடினார்கள்.

ஜனங்கள் செய்ததுதான் அதைவிட அதிசயம். வயிறாரத் திட்டி முடித்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வரேன் சார்" என்று சிரித்த முகமாகப் போனார்கள். ஒருநாள் எழுத்தருக்குத் தொண்டை கட்டி, கொட்டாவிகூட வரவில்லை. வந்த தையல்காரரிடம், "உங்க குழாயை இன்னிக்கே பார்க்கச் சொல்றேங்க" என்றார்.

தையல்காரர் நகரவே இல்லை. "அவ்வளவுதானா? காலையிலேர்ந்து கால் கடுக்க நிக்கறேன். எனக்கு முன்னாடி வந்தவருக்கு மட்டும் நகமெல்லாம் வெட்டினீங்க!"

எழுத்தர் பெருமூச்சு விட்டு நகவெட்டியை எடுத்தார்.

குழாயில் காற்றுதான் வந்தது. ஆனால் புகார்கள் பாதியாகிவிட்டன என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. மேலிடம் பூரித்துப்போய், எல்லா ஊரிலும் ஒரு கோபம் ஏற்பு அலுவலரை உட்காரவைத்தது.

ஆறு மாதம் முடிந்தது. மேலதிகாரி சொன்ன சொல் தவறவில்லை. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். மனைவி இருக்கும் ஊருக்கே மாற்றல் வந்தது. எழுத்தருக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயும் அதே நாற்காலிதான். இப்போது இருப்பவர் தாக்குப்பிடிக்க முடியாமல் வேலையையே விடுகிறாராம். இருந்தால் என்ன, சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மகள் இருப்பாள்.

உடனே மனைவிக்கு போன் போட்டார். இவர் வாயைத் திறப்பதற்குள் அவள் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, இன்னிக்கு இங்க தண்ணி ஆபீஸுக்குப் போனேன். வாசல்லயே ஒருத்தன், நான் பேசப் பேசக் கொட்டாவி விடறான்! விட்டேனா பாருங்க! அவன் பரம்பரையையே இழுத்துட்டேன். அப்பாடா, மனசு பஞ்சு மாதிரி ஆயிடுச்சு."

"தண்ணி வந்துச்சா?"

"அட, அதைக் கேக்க மறந்துட்டேங்க."

எழுத்தர் அப்போதுதான் விஷயத்துக்கு வந்தார். "எனக்கு மாற்றல் கிடைச்சுடுச்சும்மா. திங்கக்கிழமையிலேர்ந்து அந்த நாற்காலியில நான்தான்."

அவள் அழுதாள், சிரித்தாள், "அப்பா வர்றாராம்டி!" என்று மகளைக் கூப்பிட்டுக் கத்தினாள். எழுத்தரும் நடு ஆபீஸில் நின்று விசும்பினார். அப்புறம் அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, குரலைத் தணித்தாள்.

"ஏங்க, செவ்வாய்க்கிழமைக்கு டோக்கன் வாங்கி வெச்சிருக்கேன். வீணாக்க மனசு வரலை. கட்டினவதானேன்னு கொட்டாவியைக் குறைச்சுடாதீங்க, என்ன?"