நிம்மதி மீட்டர்

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நிம்மதி வந்திறங்கிய ஆண்டு 1989. வத்திராயிருப்பு பஸ்ஸிலும் கூமாப்பட்டி பஸ்ஸிலும் ஜனங்கள் தொங்கிக்கொண்டு வந்தார்கள். நிம்மதி வேண்டி முண்டியடித்து, ஒருவர் காலை ஒருவர் மிதித்துத் திட்டிக்கொண்டார்கள்.

கல்யாண மண்டபத்தில் நிம்மதியானந்தா மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொடுத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. மூச்சு எல்லோரிடமும் இருக்கிறது. அதை எப்படி விற்பது? ஆகவே ஒரு மீட்டர் வைத்திருந்தார். உள்ளங்கையில் தீர்த்தம் வாங்கிக்கொண்டு இரண்டு பித்தளைக் குழல்களைப் பிடித்தால் முள் எகிறும்: கவலை தொண்ணூறு! கண்மூடி உட்கார்ந்து எழுந்து, கை நிறையத் திருநீறு பூசிக்கொண்டு பிடித்தால் முள் படுத்துவிடும்: கவலை பத்து! ஆளுக்கு இருபது ரூபாய்.

ராஜபாளையத்தில் மாவு மில்லில் வேலை பார்த்த அய்யம்மாளுக்கு ரத்தக் கொதிப்பு. "முள்ளே இறங்கிவிட்டது, இனி மாத்திரை எதற்குத் தாயே?" என்றார் சாமி. நிறுத்திவிட்டாள். இரண்டு வாரமாகத் தலை சுற்றியது. கவலை வெளியேறுகிறதாம், அதனால்தானாம்!

அன்று மில் முதலாளியோடு சண்டை போட்டுவிட்டு, மாவுக் கையைக்கூடக் கழுவாமல் பஸ் ஏறினாள். வந்து சேர்வதற்குள் தீர்த்தம் தீர்ந்துவிட்டது. நேரே போய்க் குழலைப் பிடித்தாள். கோபம் இன்னும் ஆறவில்லை. முள் அசையவே இல்லை.

"சாமி, அந்தாள நாக்கப் பிடுங்குற மாதிரி கேட்டுட்டு வாரேன். எனக்கா அம்புட்டு நிம்மதி?"

"போன வாரப் பயிற்சியின் பலன், தாயே."

அய்யம்மாள் தன் வெள்ளைக் கையைப் பார்த்தாள். சாமியின் திருநீற்றுத் தட்டைப் பார்த்தாள்.

மறுநாள் ஒரு வெள்ளரிக்காயோடு வந்தாள். சாமி தடுப்பதற்குள் அதைத் தீர்த்தத்தில் முக்கி, குழல்களை அதன்மேல் அழுத்தினாள். முள் தொண்ணூறுக்குத் தாவியது.

"அய்யோ, இதுக்கு என்ன கவலையோ!" என்று உருகினாள் பக்கத்தில் நின்ற வன்னியம்பட்டி மாரியாத்தாள்.

"செத்த நேரம் பொறுங்க மைனி." முந்தானையால் காயைத் துடைத்து, திருநீற்றை அப்பி, மறுபடி குழல்களை வைத்தாள். முள் படுத்தது. "பாத்தீகளா, காய்க்கு ஞானம் வந்துருச்சு! ஈரக் கையோட சுவிட்சத் தொடாதன்னு மில்லுல தெனம் திட்டுவாக. ஈரத்துல கரண்டு பாயுது, காஞ்சா பாயல. இத நம்பி மாத்திரைய நிறுத்திட்டேனே, பாவி!"

மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. சாமி பின்வாசல் வழியாக ஓட்டம் பிடித்தார்.

அய்யம்மாள் நேரே ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கிருந்த கருவி தீர்த்தமும் கேட்கவில்லை, திருநீறும் கேட்கவில்லை. நூற்றெண்பது என்றது. மாத்திரையை விழுங்கிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து மூச்சைக் கவனித்தாள், காசில்லாமல்.

ஊரே மூச்சைக் கவனித்தது. சாமியின் கையைக் கவனித்தவள் ஒருத்திதான். அடுத்த சாமி பஸ் ஏறிவிட்டார். இந்தத் தடவையாவது கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்!