குறை தீர்ந்ததாக வந்த சீட்டு

கடற்படை ஹெலிகாப்டர் தளத்தில் குறை கேட்கும் அதிகாரி அவர்களுக்கு, மதிலுக்கு இந்தப் பக்கத்துத் தகர வீட்டுக் கிழவி எழுதுவது. நீங்கள் நலமாயிருக்க வேண்டும். நலமாயிருந்தால்தான் இதை முழுசாகப் படிக்க முடியும்.

"ஹெலிகாப்டர் சத்தம் பற்றிய தங்கள் குறை தீர்க்கப்பட்டது, கையெழுத்திட்டு அனுப்பவும்" என்று நேற்று ஒரு சீட்டு வந்தது. பதினோரு வருஷமாக எழுதுகிறேன். முதல் வருஷம் கூரைத் தகரம் பறந்தது. இரண்டாம் வருஷம் காயப்போட்ட போர்வை பறந்து உங்கள் மதிலுக்குள் விழுந்தது. காவல்காரன் அதில் பூட்ஸைத் துடைத்துவிட்டு மடித்துக் கொடுத்தான், இடது கன்னத்தில் மச்சம், மறக்கவில்லை. நாலாம் வருஷம் வந்த அதிகாரி, "பாட்டி, காதுல பஞ்சு வெச்சுக்குங்க, சரியாப் போயிடும்" என்றார். "கூரைக்கும் பஞ்சு வைக்கட்டுமா?" என்றேன். டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

ஒரு நாளைக்கு எத்தனை பறக்கிறது என்று உங்கள் படிவம் கேட்டது. எனக்கு எழுதி வைத்துப் பழக்கமில்லை. ஒன்று கிளம்பினால் கொடியில் ஒரு துணி கிளிப் மாட்டுவேன், திரும்பினால் கழற்றுவேன். இதற்கு நடுவில், என் மகள் வயிற்றுப் பேரன், நான் வளர்த்த பிள்ளை, ஒரு வார்த்தை சொல்லாமல் உங்களிடமே வேலைக்குச் சேர்ந்தான். ஹெலிகாப்டர் கதவோரம் உட்கார்ந்து கயிறு இறக்கும் வேலை. "எதிரி வீட்டுச் சோறு ருசிக்குதாடா?" என்று கேட்டேன். "மெதுவா ஓட்டச் சொல்றேன் பாட்டி" என்று சிரித்தான். அதோடு இரண்டு வருஷம் பேச்சில்லை. வீட்டுக்கு மேலே வரும்போதெல்லாம் கை காட்டுவான். நான் மூஞ்சியைத் திருப்பிக்கொள்வேன். போன திங்கட்கிழமையும் அப்படித்தான்.

அன்று மூன்று கிளிப் மாட்டினேன். இரண்டைத்தான் கழற்றினேன். உங்கள் கேட்டில் போய்க் கேட்டால், "படகு விட்டுத் தேடிக்கிட்டிருக்கோம் பாட்டி, வீட்டுக்குப் போங்க" என்கிறான், அதே மச்சக்காரன். அன்றிலிருந்து எதுவும் பறக்கவில்லை, விசாரணையாம். பஞ்சே தேவையில்லை, அவ்வளவு அமைதி. அந்த அமைதிக்குத்தான் என்னிடம் கையெழுத்துக் கேட்கிறீர்கள். போட மாட்டேன். என் குறை தீரவில்லை.

உங்கள் பிள்ளைகுட்டிகள் நேரத்தோடு வீடு வந்து சேரட்டும்.

இப்படிக்கு,
கொடியைப் பார்த்தபடி,
தகர வீட்டுக் கிழவி

பி.கு.: பதினோரு வருஷத்துக் குறையையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், எல்லாவற்றையும் கிழித்துப் போடுங்கள். மச்சக்காரனையும் மன்னித்துவிட்டேன். எத்தனை வேண்டுமானாலும் பறக்கவிடுங்கள், கூரை போனால் போகட்டும். மழையில் அந்தக் கிளிப் துருப்பிடிக்கிறது, கழற்றவில்லை. பேரன் வரும்போது தாழப் பறந்து வரச் சொல்லுங்கள், எனக்குப் பார்வை மங்கல். இந்தத் தடவை நான்தான் முதலில் கை காட்டுவேன்.