அசனத்துக்கு உப்புப் பார்த்தவர்

அன்று சமையல் கொட்டகையில் இருந்தவர்கள் இன்னார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு, இல்லாதவர்கள் எல்லாம் இருந்ததாகச் சாட்சி சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அண்டாவின் முன்னே, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பாக்கியசீலன். அண்டாவின் பின்னே, பேட்டையிலிருந்து வந்திருந்த தலைமைச் சமையல்காரர் அப்பாத்துரை. இருவருக்கும் நடுவில், எந்தப் பக்கமும் சாயாமல் நிற்பதையே தொண்டாகக் கொண்ட சபைச் செயலர் சுவிசேஷமுத்து. விறகுக் குவியலின் அருகே, பாக்கியசீலனின் மைத்துனன் ஜெய்சன். கம்பிவேலிக்கு அந்தப் பக்கம், பெண்கள் வெங்காயம் உரிக்கும் இடத்தில், பாக்கியசீலனின் மனைவி சாரம்மாள். அவருக்குப் பக்கத்தில் அடுத்த வீட்டுப் பிரிஸில்லா. மற்ற எல்லாரும் கோயிலுக்குள் ஆராதனையில் இருந்தார்கள்.

பாளையங்கோட்டையின் அந்தக் கிறிஸ்தவச் சபையில் பிரதிஷ்டைப் பண்டிகை என்றால் அசனம் என்னும் பொதுவிருந்து. அசனம் என்றால் ஆட்டுக்கறிக் குழம்பு. சபையார் அனைவரும் ஒரே பந்தலின்கீழ் அமர்ந்து ஒரே அண்டாக் குழம்பை உண்ணும் நாள் அது. எந்தக் கலியாண விருந்திலும் அந்த ருசி வராது என்று துபாயில் இருக்கும் பிள்ளைகள்கூட அடித்துச் சொல்வார்கள். சமைப்பவர்கள் ஆண்கள், அது அங்கே மரபு. பெண்கள் வேலிக்கு அப்பால் உரிப்பார்கள், அரிவார்கள். அண்டாவின் கிட்டே வரமாட்டார்கள். அந்த ஆண்களுக்குள்ளும் கடைசி வார்த்தை ஒரே ஒருவருடையது. அவர்தான் உப்புப் பார்ப்பவர். அவர் தலையசைத்த பிறகுதான் அண்டா இறங்கும். அண்டா இறங்கிய பிறகுதான் குருவானவரே ஜெபத்துக்கு வருவார்.

பாக்கியசீலனின் பாட்டனார் அந்த அண்டாவுக்கு உப்புப் பார்த்தவர். அவருக்குப் பின் தகப்பனார். தகப்பனாருக்குப் பின் பாக்கியசீலன். வேறு குடும்பங்களுக்கு வயல் வந்தது, வீடு வந்தது. இந்தக் குடும்பத்துக்கு நாக்கு வந்தது. தலைமையாசிரியர் பதவியை அரசு கொடுத்தது, வயதானதும் அரசே எடுத்துக்கொண்டது. இந்தப் பதவியை எடுத்துக்கொள்ள யாராலும் முடியாது என்பது அவருடைய துணிபு.

அன்றும் முறைப்படியே செய்தார். தாமிரபரணித் தண்ணீரால் வாய் கொப்பளித்தார். நீண்ட கரண்டியால் குழம்பை முகந்து இடது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். ஊதினார். கண்ணை மூடிக்கொண்டு நக்கினார். கண்ணைத் திறந்தார்.

"கரிக்குது."

அப்பாத்துரை அண்டாவைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "அண்ணாச்சி, இன்னொருக்கா பாருங்க. சூடு பட்டிருக்கும்."

"என் நாக்குக்குச் சூடும் தெரியும், உப்பும் தெரியும். கரிக்குதுவே."

அப்பாத்துரை தாமும் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். "எனக்குச் சரியா இருக்கு."

"உமக்குச் சரியா இருந்தா உம்ம வீட்டு அண்டாவை இறக்கும். இது சபை அண்டா."

செயலர் சுவிசேஷமுத்துவும் ருசி பார்த்தார். "ரெண்டு பேரு சொல்லுததுலயும் நியாயம் இருக்கு."

"உப்புல என்னவே ரெண்டு நியாயம்?"

"அத்தான், எனக்கும் சரியாத்தான் தெரியுது," என்றான் ஜெய்சன்.

"நீ வெறகைப் பாரு."

இரண்டு குடம் தண்ணீர் ஊற்றும்படி பாக்கியசீலன் ஆணையிட்டார். அப்பாத்துரை மூடியை எடுத்து அண்டாவின்மேல் கவிழ்த்து, அதன்மேல் தம் கையையும் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு குடம் ஊத்தினா இது குழம்பு இல்ல அண்ணாச்சி. ஆடு குளிச்ச தண்ணி."

மூன்று தலைமுறையில் அந்த அண்டாவின் முன் யாரும் மறுத்துப் பேசியதில்லை. பாக்கியசீலன் நிமிர்ந்தார். காலை வழிபாட்டில் பள்ளி முழுவதையும் அடக்கிய குரலை வெளியே எடுத்தார்.

"என் நாக்கு தப்புன்னு நிரூபிச்சிட்டா, இந்தக் கரண்டியை இனிமே நான் தொட மாட்டேன்."

இதோடு நிறுத்தியிருந்தால் பிழைத்திருப்பார். நாக்குக்கு ஏது சாட்சி? ஆனால், கணக்கு வாத்தியாராகத் தொடங்கியவர் அல்லவா? விடையைச் சொன்னால் மட்டும் போதாது, வழிமுறையையும் காட்ட வேண்டும் அவருக்கு.

"எங்க வீட்டு மீன்குழம்புதான் அளவு. இன்னைக்குக் காலைலகூட இட்லிக்கு ஊத்திச் சாப்பிட்டேன். அதுல உப்பு கூடினதும் கெடையாது, கொறைஞ்சதும் கெடையாது. அதைத் தொட்டு நாக்குல வச்சுக்கிட்டு, பொறவு இதைப் பாருங்க. ஜெய்சா, சாப்பாட்டு மேசையில மூடி வச்ச சட்டி இருக்கும், தூக்கிட்டு வா."

வேலிக்கு அப்பால் சாரம்மாளின் கத்தி ஒரு கணம் நின்றது.

"அது எதுக்கு இங்க? நேத்துக் குழம்பு."

"நேத்துக் குழம்புதாம்ட்டி ருசி. உவரிச் சீலா மீனு."

"வேண்டாம்னு சொல்லிட்டேன். பொறவு என்னைக் கேக்கப்படாது."

"நீ வெங்காயத்தை உரி."

சாரம்மாள் வெங்காயத்தை உரித்தார்.

சட்டி வந்தது. மூடியைத் திறந்ததும் அப்பாத்துரையின் தலை தானாகவே பணிந்தது. தேங்காய் அரைத்து, மாங்காய் கீறிப் போட்டு, எண்ணெய் மேலே திரண்டு நிற்கும் குழம்பு. மீன்குழம்பில் சாரம்மாளை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் இல்லை என்பது பிரிஸில்லாவே ஒப்புக்கொண்ட செய்தி. அப்பாத்துரை தொட்டு நாக்கில் வைத்தார். மறுபடியும் தொட்டு வைத்தார்.

"புளி இருக்கு. காரம் இருக்கு. தேங்கா இருக்கு. மாங்கா இருக்கு. உப்பைத்தான் காணோம் அண்ணாச்சி."

செயலர் தொட்டுப் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு பக்கம் சாய்ந்தார். "சார்வாள், இதுல உப்பு இல்லவே இல்ல."

பாக்கியசீலனும் தொட்டுப் பார்த்தார். அவருக்கு அமிர்தமாக இருந்தது.

"இதுக்கு மேல என்னவே உப்பு வேணும்? போதாததுக்கு நானும்லா தனியாப் போட்டுக்கிடுதேன்," என்று சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டி எவர்சில்வர் டப்பாவை வெளியே எடுத்தார்.

அந்த டப்பாவுக்கு ஒரு வரலாறு உண்டு. போன அசனம் முடிந்ததும் அவருடைய இரத்த அழுத்தத்தைப் பார்த்த மருத்துவர், உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் பாக்கியசீலன் சட்டம் இயற்றினார்: "மூணு தலைமுறை நாக்கை ஒரு டாக்டர் சீட்டுக்காகக் கெடுக்க முடியாது. குழம்புல ஒரு கல்லு உப்பு கொறையப்படாது." சாரம்மாள் "சரி" என்றார். வகுப்பில் சட்டென்று "சரி சார்" என்று சொல்லும் பையனை நம்பக்கூடாது என்று அறிந்தவர் பாக்கியசீலன். ஆகவே உப்பு நிரப்பிய டப்பா ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மனைவி திரும்பும்போதெல்லாம் தம் தட்டில் ஒரு சிட்டிகை தூவிக் கலந்துகொண்டார். தம்மைப்போல் முன்யோசனையுள்ள கணவன் நெல்லைச் சீமையிலேயே இல்லை என்று ஓராண்டாக அவருக்கு ஒரே நிறைவு.

அப்பாத்துரை டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து வாயில் போட்டார். அவருடைய தாடை அசைந்தது. நிற்காமல் அசைந்துகொண்டே இருந்தது.

"என்னவே செய்யுதீரு?"

"மெல்லுதேன் அண்ணாச்சி. உப்பை யாராவது மெல்லுவாவளா? இது ரவை."

"சாயந்தரம் உப்புமாவுக்கு ஆச்சு," என்றாள் பிரிஸில்லா.

பாக்கியசீலன் வேலியருகே போனார்.

"சாரா."

"என்ன?"

"டப்பாவுல ரவை இருக்கு."

"வறுத்த ரவைதான். பச்சையாத் தின்னா வயித்துக்கு ஆகாதுல்லா."

"எப்பலேர்ந்து?"

"நீங்க டப்பா வாங்கின மறுநாளே. வேட்டி சட்டை துவைக்கிறவளுக்குப் பையில என்ன கெடக்குன்னு தெரியாதாக்கும்?"

"குழம்புல?"

"அது பையப் பையக் கொறைஞ்சுது. ஒரேயடியாக் கொறைச்சா நீங்க கண்டுபிடிச்சிருவிய. பெரிய நாக்குல்லா."

"இப்ப எம்புட்டுப் போடுத?"

"இப்ப எங்க போடுதேன்."

பாக்கியசீலன் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"போன வாரம் டாக்டர் எல்லாம் சரியா இருக்குன்னு சொன்னாருல்லா," என்றார் சாரம்மாள். "எங்க வம்சத்து ரத்தம் அப்படின்னு நீங்கதான வழியெல்லாம் சொல்லிட்டு வந்திய."

சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்குவது பாக்கியசீலனின் வம்சத்தில் இல்லை. அவர் அண்டாவின் அருகே திரும்பி வந்து கரண்டியை மேசைமேல் வைத்தார். ஆனால் தோற்ற இடத்திலும் ஒரு வாசலைத் திறந்துவைத்துக்கொள்வது அவருடைய வழக்கம். மகன் பெங்களூரில் இருக்கிறான். அவனுக்கு ஆட்டுக்கறி ஆகாது. ஆக, ஓராண்டு பொறுத்தால் கரண்டி தம்மிடமே நடந்து வரும்.

"என் சொல்லு சொல்லுதான். ஆனா இந்தக் கரண்டி எங்க குடும்பத்தை விட்டு வெளிய போகப்படாது. அதையும் சபை ஒத்துக்கிடணும்."

செயலர் மோவாயைத் தடவினார். "ஒத்துக்கிட்டோம் சார்வாள். குடும்பத்தை விட்டுப் போகாது." பிறகு வேலிப் பக்கம் திரும்பினார். "சாரம்மாக்கா, கதவு தொறந்துதான் இருக்கு. வாங்க."

சாரம்மாள் கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, வேலிக் கதவைத் தாண்டி உள்ளே வந்தார். அவசரப்படவில்லை. வாய் கொப்பளித்தார். கரண்டியால் முகந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டார். கண்ணை மூடவில்லை.

"உப்பு கொஞ்சம் மட்டா இருக்கு. ஒரு கை போடுங்க அப்பாத்துரை."

அப்பாத்துரை ஒரு கை உப்பை அள்ளிப் போட்டுக் கிண்டினார். கொதி வந்ததும் ருசி பார்த்தார். அவருக்குத் தலைமைச் சமையல்காரர் என்ற கௌரவம் உண்டு. ஆனாலும் உண்மையைச் சொன்னார்.

"இப்பத்தான் அசனக் குழம்பு."

பாக்கியசீலனிடம் ஒரே ஓர் ஆயுதம் மிச்சம் இருந்தது. தருக்கம்.

"நில்லுங்கவே. நானும் அவளும் ஒரே வீடு. ஒரே அடுப்பு. ஒரு வருஷமா ஒரே குழம்பு. உப்பில்லாமத் தின்னு என் நாக்கு கெட்டுப்போச்சுன்னா, அவ நாக்கும்லா கெட்டிருக்கணும்? அது மட்டும் எப்படி நேரா இருக்கும்?"

கேள்வி சரியான கேள்வி. அப்பாத்துரையின் கை நின்றது. செயலர் பழையபடி நடுவில் வந்து நின்றார். எல்லாரும் சாரம்மாளைப் பார்த்தார்கள்.

சாரம்மாள் கரண்டியை அண்டாவின் விளிம்பில் தட்டி வைத்தார்.

"ஒரே குழம்புன்னு யாரு சொன்னா? நீங்க தின்னுட்டு எந்திரிச்ச பொறவுதான நான் உக்காருதேன். ஒரு நாளாவது என் தட்டை எட்டிப் பாத்தியளா? எனக்குத் தனிச் சட்டி, உப்புப் போட்டு. வீட்டுல ஒரு நாக்காவது அசனத்துக்கு ஆகணும்லா."

பாக்கியசீலன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். மறுபடியும் தோளிலேயே போட்டுக்கொண்டார். கொட்டகையை விட்டு வெளியே நடந்தார்.