பொன்னாடை போர்த்திய துப்பாக்கி

உலகில் எத்தனையோ சங்கங்கள் எத்தனையோ பெருமக்களுக்குப் பொன்னாடை போர்த்தியிருக்கின்றன. ஆனால் பொன்னாடை போர்த்திய ஒரு துப்பாக்கிக்காக அவசரக் கூட்டம் கூட்டி, ‘ஜனநாயக முறைப்படி’ விவாதித்துத் தீர்மானமும் நிறைவேற்றிய பெருமை நியூசிலாந்தில் உள்ள எங்கள் தென் ஒக்லாந்துத் தமிழர் எழுச்சி ஒன்றியம் ஒன்றுக்கே உரியது. அதன் செயலாளர் நான். ஆகவே அடக்கத்துடன் சொல்கிறேன்.

எங்கள் தலைவர் குணரத்தினம் தொழிலால் கணக்காளர், உணர்வால் விவசாயி. புக்கெகோஹியில் நாலு ஏக்கர் வாங்கிக் கீரை போட்டார். முயல்கள் வந்தன. முதலில் தமிழில் எச்சரித்தார். இந்த நாட்டில் பிறந்த முயல்கள் அல்லவா, விளங்கவில்லை. ஆங்கிலத்திலும் எச்சரித்தார். பின்னர் முறைப்படி வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, துப்பாக்கி லைசன்ஸ் எடுத்தார். துப்பாக்கியும் கையுமாக அவர் நிற்கும் படம் எங்கள் இணையத்தளத்தில் ‘தலைமைத்துவம்’ என்ற தலைப்பின் கீழ் இருக்கிறது. முயல்கள் இன்னும் அந்தத் தளத்தைப் பார்க்கவில்லை போலும்.

தலைவரிடம் பொன்னாடைகள் ஏராளம். ஒன்று தக்காளிக் கன்றுகளைப் பனியில் இருந்து காக்கிறது. ஒன்றில் நாய் படுக்கிறது. இன்னொன்றை அவர் துப்பாக்கிக்குச் சுற்றியிருந்தார்.

தலைவரின் வான் வண்டியும் ஒரு பொதுச்சொத்து. விழா வந்தால் யாராவது சாவியை எடுப்பார்கள். உள்ளே என்ன கிடக்கிறது என்று கேட்பது எங்கள் வழக்கத்தில் மரியாதைக்குறைவு.

இந்த ஆண்டுப் பொங்கலுக்கு வானை எடுத்து வரும் பொறுப்பு வசீகரனுக்குக் கிடைத்தது. ஒடாஹுஹுவில் வாகனங்களுக்கு ரயர் மாற்றும் கடையில் வேலை செய்பவர். நிரந்தர வதிவிட விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார். அது கிடைத்தால்தான் யாழ்ப்பாணத்தில் இருக்கும் மனைவி லோஜனா இங்கே வரலாம். விண்ணப்பதாரர் ‘நன்னடத்தை’ உள்ளவராக இருக்க வேண்டும் என்பதால், வசீகரன் ஆளில்லாத வீதியிலும் பச்சை விளக்கு வரும்வரை நிற்பார்.

சான்ட்ரிங்ஹாம் மண்டபத்தில் புகை அலாரம் அடிக்கும் என்பதால் பொங்குவது எப்போதும் கார் தரிப்பிடத்தில்தான். வசீகரன் வானில் இருந்து பானையை இறக்கினார், இரண்டு கரும்பை இறக்கினார். பட்டுச் சரிகையில் சுற்றிய மூன்றாவது கரும்பையும் இறக்கிப் பானைக்குப் பக்கத்தில் கட்டப் போனார். கரும்பில் விசை இருந்தது.

அப்படியே சுற்றி வானுக்குள் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

“அண்ணை, வானுக்குள்ள துவக்குக் கிடக்குது!”

“மெல்லக் கதையும்,” என்றார் தலைவர். “அது வெறும் துவக்கு. சுடுற ரவையெல்லாம் வீட்டில.”

“துவக்கு லைசன்ஸ் இல்லாம நான் அதோட புக்கெகோஹியில இருந்து வானை ஓடி வந்திருக்கிறன், அண்ணை!”

“நல்லாத்தானே ஓடி வந்தனீர். பிறகென்ன?”

இந்த நாட்டுச் சட்டம் சிறியது. துப்பாக்கி போகும் இடத்துக்கு லைசன்ஸ்காரரும் கூடப் போக வேண்டும். அதை வாகனத்தில் அநாதையாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. லைசன்ஸ் இல்லாதவர் கொண்டு திரியக் கூடாது. இவ்வளவு தெளிவாக எழுதி வைத்தால் ஒரு செயற்குழுவுக்கு எப்படி விளங்கும்?

மண்டபத்துச் சமையலறையில் அவசரக் கூட்டம் தொடங்கியது. முறைப்படி முதலில் மறைந்தோருக்கு அகவணக்கம். பிறகு பொருளாளர் இமெல்டா எழுந்தார். மன்னார்க்காரர், மருத்துவமனைத் தாதி, எதையும் சுருக்கமாகச் சொல்லும் குறைபாடு உள்ளவர்.

“இதில கதைக்க என்ன இருக்கு? தலைவர் துவக்கைக் கொண்டுபோய் வீட்டில பூட்டிப்போட்டு வரட்டும்.”

“அப்ப விழா விளக்கை ஆர் கொழுத்துறது?” என்றார் தலைவர்.

“நான் கொழுத்துறன்.”

சபை அதிர்ந்தது. தலைவர் இல்லாமல் விளக்கு எரிந்துவிட்டால், அடுத்த ஆண்டு தலைவர் எதற்கு என்று விளக்கே கேட்டுவிடாதா?

சட்ட ஆலோசகர் ஜனார்த்தன் கையை உயர்த்தினார். அவர் வீடு விற்கும் தரகர். ஆனால் ஒப்பந்தங்களைக் கடைசிப் பக்கம்வரை வாசிப்பவர்.

“வாகனத்தில துவக்கு இருக்கிறதுதானே பிரச்சினை? நாலு சில்லையும் கழட்டுவம். சில்லில்லாட்டி அது வாகனமில்லை. வாகனமில்லாட்டி, வாகனத்தில துவக்கும் இல்லை. வசீகரனும் ரயர் கடைக்காரன். தெய்வச் செயல்!”

கைதட்டல்.

“கழட்டுங்கோ,” என்றார் இமெல்டா. “இண்டைக்கு எங்கட பிரதம விருந்தினர் ஆரெண்டு நினைவிருக்கோ?”

அப்போதுதான் சபைக்கு நினைவு வந்தது. ‘சமூகப் பாதுகாப்பு’ என்ற பொருளில் உரையாற்ற ஒரு பொலிஸ் அதிகாரியை அழைத்திருந்தோம். அந்த அம்மா ஏற்கெனவே வந்து, வெளியே வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

இறுதியில் தீர்மானம் நிறைவேறியது. துப்பாக்கியைத் தனியே விட முடியாது. தலைவரையும் விட முடியாது. ஆகவே வசீகரன் வானுக்குள் இருந்து காவல் காப்பார். இமெல்டா ஒருவர் எதிர்த்ததால் அது ‘கிட்டத்தட்ட ஏகமனதாக’ நிறைவேறியது.

“அண்ணை, லைசன்ஸ் இல்லாத என்னையே திரும்பத் துவக்கோட இருத்திறியள்! என்ர விசா போயிடும். லோஜனா வர ஏலாது.”

“நீர் துவக்கைப் பாக்காதையும்,” என்றார் தலைவர் கனிவுடன். “மற்றப் பக்கம் திரும்பி இரும்.”

“பொங்கல் கொண்டு வந்து தருவம்,” என்றார் ஜனார்த்தன்.

வசீகரன் எங்களை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். வானுக்குப் போகவில்லை. நேரே அந்த அதிகாரியிடம் போனார். என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அதிகாரி வடையைக் கீழே வைத்தது மட்டும் தெரிந்தது.

செயற்குழு வானைச் சுற்றி நின்றது. அதிகாரி பொன்னாடையை விலக்கிப் பார்த்தார். அவர் கேட்டதெல்லாம் ஆங்கிலத்தில். நாங்கள் வியர்த்தது தமிழில்.

“இது யாருடையது?”

தலைவர் தொண்டையைச் செருமினார். “சமூகத்தினுடையது.”

“சமூகத்திடம் லைசன்ஸ் இருக்கிறதா?”

பானை பொங்கி வழிந்தது. ஒருவரும் ‘பொங்கலோ பொங்கல்’ சொல்லவில்லை.

“சரி. இதை இங்கே கொண்டு வந்தது யார்?”

எங்கள் ஒன்றியத்தின் வரலாற்றிலேயே இல்லாத ஒற்றுமையை அந்தக் கணத்தில் கண்டேன். அங்கத்துவப் பணத்தைக் கூட்டுவதா குறைப்பதா, சிற்றுண்டிக்கு வடையா ரோல்ஸா என்று எதிலும் ஒத்துப்போகாத செயற்குழு, இமெல்டா ஒருவரைத் தவிர, ஒரே நேரத்தில், ஒரே உயரத்தில் கையை நீட்டி வசீகரனைச் சுட்டிக் காட்டியது. ஒரு விரல்கூட நடுங்கவில்லை.

வசீகரன் கண்ணை மூடிக்கொண்டார். இமெல்டா போய் அவருக்குப் பக்கத்தில் நின்றார்.

அதிகாரி அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “இவர் தெரியாமல் ஓட்டி வந்ததை இவரே என்னிடம் வந்து சொல்லிவிட்டார்,” என்றார். “அதை அப்படியே எழுதுகிறேன். இவர்மேல் வழக்கு இல்லை. இதை வானுக்குள் வைத்துவிட்டுச் சாவியை இன்னொருவரிடம் கொடுத்தவரைத்தான் தேடுகிறேன்.”

தலைவர் மெதுவாகத் தன் லைசன்ஸ் அட்டையை எடுத்து நீட்டினார்.

அதிகாரி துப்பாக்கியைக் கொண்டுபோனார். லைசன்ஸையும் கொண்டுபோனார். ஒரு மனிதனை நோக்கி நீட்டியபடி நின்ற எங்கள் விரல்களை மட்டும் எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். அவற்றை வைத்திருக்க இந்த நாட்டில் இன்னும் லைசன்ஸ் கேட்பதில்லை.