பெட்டிக்கும் கம்ப்யூட்டருக்கும் கூட்டுப் பட்டா

ஆரம்பாக்கம்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி மோகன்ராஜுக்கு,

அண்ணன் அப்பாவு ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. நீயும் உன் வீட்டாரும் ஓசூரில் சௌக்கியமாக இருக்க திருவாலங்காட்டு சாமியை வேண்டிக்கொள்கிறேன். இங்கே உன் அண்ணி ஈஸ்வரி நலம், பூமிகா நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கடைசிவரை படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போன் இருக்கும்போது எதற்கு இந்தக் கடுதாசி என்று யோசிப்பாய். போனில் பேசினால் சமையலறை வரைக்கும் கேட்கிறது. வாட்ஸப்பில் எழுதினால், உன் பதில் வந்து நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் உன் அண்ணி அதைப் படித்து முடித்திருப்பாள். இந்த வீட்டிலிருந்து ரகசியம் வெளியே போக தபாலை விட்டால் வேறு வழி கிடையாது.

விஷயம் நீ பொங்கலுக்கு வந்தபோது வைத்துவிட்டுப் போன கறுப்புப் பெட்டி. குடும்பத்துப் போட்டோ, வீடியோ எல்லாம் இதற்குள் இருக்கும், இதற்கு நெட்வொர்க் ஸ்டோரேஜ் என்று பெயர், வீட்டில் எந்த ரூமிலிருந்தும் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம் என்று நீ சொன்னபோது நானும் மண்டையை ஆட்டினேன். யார் வேண்டுமானாலும் என்பதில் எவ்வளவு ஆபத்து இருக்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பழைய கேசட் வீணாகிறதே என்று என் கல்யாண வீடியோவையும் மாற்றி அதற்குள் போட்டாயே, நல்லதுதான் செய்தாய், ஆனால் அதுதான் இப்போது என் கழுத்தைப் பிடிக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பூமிகாவுக்கு நிச்சயதார்த்தம். வேப்பம்பட்டு சம்பந்தி பாக்கியராஜ் முதலில் பைக்கு, பீரோ என்று மெதுவாக ஆரம்பித்தார். அப்போது நான் நெஞ்சை நிமிர்த்தி ஒரு பேச்சுப் பேசினேன். நான் கட்டும்போது மாமனார் வீட்டில் ஒரு குண்டூசி கேட்கவில்லை, பெண்ணைத் தவிர எதுவும் வேண்டாம் என்று மணையில் உட்கார்ந்தேன், அதனால் என் பெண்ணுக்கும் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்றேன். மனுஷன் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டார். அந்தப் பேச்சை நம்பித்தான் பூமிகாவின் கல்யாணம் நடக்கப்போகிறது. இப்போது மாப்பிள்ளை வசந்தகுமார், நிச்சயத்தன்று தன் லேப்டாப்பைக் கொண்டுவந்து அந்தப் பெட்டியிலிருந்து நேராக டிவியில் எங்கள் கல்யாண வீடியோவைப் போட்டு எல்லோருக்கும் காட்டப்போவதாகக் குஷியாகச் சொல்லிவிட்டார்.

நடந்தது உனக்குத் தெரியும். நீ அப்போது பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய், என்னைச் சமாதானம் பண்ண அனுப்பியவர்களில் நீயும் ஒருவன். தாலி கட்ட அரை மணி இருக்கும்போது நான் மண்டபத்தின் பின்படியில் போய் உட்கார்ந்துகொண்டு, "வாட்சு கட்டாத மணையில குந்த மாட்டேன்னா மாட்டேன்" என்று முறுக்கியதும், ஈஸ்வரியின் அண்ணன் பூவராகவன் தன் கையில் இருந்ததைக் கழற்றி என் கையில் கட்டியதும், அந்தப் பாழாய்ப்போன வீடியோக்காரன் லைட்டைத் தூக்கிக்கொண்டு பின்படிக்கும் வந்துவிட்டதும் எல்லாம் அதில் இருக்கிறது. மாப்பிள்ளை முறுக்கு என்று அப்போது எல்லோரும் சிரித்தார்கள். இப்போது பாக்கியராஜ் சிரிக்கமாட்டார், பைக்குப் பேச்சை மறுபடி எடுப்பார். அந்த ஒரு வீடியோவை மட்டும் பெட்டியிலிருந்து அழித்துவிடலாம் என்றுதான் போன சனிக்கிழமை காலையில் உட்கார்ந்தேன். கெடுதல் நினைத்து அல்ல, பெண்ணின் நன்மைக்காக.

போன மாதம் இடி விழுந்ததில், பெட்டியையும் கம்ப்யூட்டரையும் இணைத்து வைத்திருந்த ரௌட்டர் போய்விட்டது. பக்கத்து வீட்டு ஜெரால்டைக் கூப்பிட்டேன். சிப்காட்டில் மெஷின் மெயின்டெனன்ஸ் பார்க்கிற ஆள், கை சுத்தம், வாயும் சுத்தம் என்று நம்பினேன். ரௌட்டரே வேண்டாம் சார், ஒரே ஒரு ஒயரைப் பெட்டியிலும் கம்ப்யூட்டரிலும் நேராகச் சொருகினால் போதும், ஆனால் நடுவில் நம்பர் கொடுக்க ஆள் இல்லாததால் கம்ப்யூட்டருக்கு நாமே ஒரு நம்பர் கொடுக்கவேண்டும், பெட்டியின் நம்பர் அதன் மேலே ஸ்டிக்கரில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போய்விட்டான். இருபத்தெட்டு வருஷம் வி.ஏ.ஓ.வாக இருந்தவனுக்கு நம்பர் போடச் சொல்லித்தர வேண்டுமா? பார்த்தேன். நாலு துண்டாக ஒரு நம்பர், கடைசியில் ஐம்பது. சர்வே நம்பரும் உட்பிரிவும் மாதிரி இருக்கிறது என்று உடனே பிடிபட்டுவிட்டது. நீ வாங்கிய பெட்டி, நான் வாங்கிய கம்ப்யூட்டர், இரண்டும் ஒரே வீட்டுச் சொத்து. நீயும் நானும் இன்று வரை பாகம் பிரிக்கவில்லை, நிலம் முழுக்கக் கூட்டுப் பட்டாவில் கிடக்கிறது. அப்படியிருக்க உன் பொருளுக்கு ஒரு உட்பிரிவும் என் பொருளுக்கு ஒரு உட்பிரிவும் என் கையாலேயே போடுவதா? மனசு வரவில்லை. கம்ப்யூட்டருக்கும் அதே ஐம்பதைப் போட்டேன்.

கம்ப்யூட்டர் உடனே, இந்த முகவரி ஏற்கெனவே வேறொருவரிடம் இருக்கிறது என்று மடக்கியது. என் சர்வீஸில் எத்தனை பேரை நான் இதே பதில் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன், அன்றுதான் எதிர்ப்பக்கத்தில் நின்று கேட்டேன். வயிற்றெரிச்சலாக இருந்தது. ஒயரைக் கழற்றி மாட்டினேன், திருப்பி மாட்டினேன், இரண்டையும் ஒரே மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தும் பார்த்தேன். ஒன்றையொன்று திரும்பிப் பார்க்கவில்லை.

அப்போதுதான் நீ சொன்னது நினைவுக்கு வந்தது. பெட்டிக்குள் இரண்டு டிஸ்க், இரண்டிலும் ஒரே விஷயம், ஒன்று போனால் இன்னொன்று காப்பாற்றும் என்றாயே. அசலும் நகலும் என்று புரிந்துகொண்டேன். அசலை மட்டும் எடுத்து ஞாயிறு தாண்டும்வரை பீரோவில் வைத்தால் வெறும் நகல் செல்லாது என்று ஒன்றை உருவினேன். பெட்டி கத்த ஆரம்பித்தது, தம்பி. கீ, கீ என்று நிறுத்தாமல். ஓடிக்கொண்டிருக்கும்போது ப்ளக்கைப் பிடுங்கினால் உள்ளே இருப்பதெல்லாம் கெட்டுப்போகும் என்று நீ மிரட்டியிருந்ததால் பிடுங்கவும் பயம். இரண்டு தலையணையை மேலே வைத்து அதன்மேல் கம்பளியைப் போட்டு மூடினேன். கம்பளிக்குள்ளிருந்து இன்னும் பரிதாபமாகக் கத்தியது. உன் அண்ணி கையில் கரண்டியோடு வந்து நின்றாள்.

"இன்னாங்க அது, கத்திக்கினே கீது?"

யூபிஎஸ் என்றேன்.

"யூபிஎஸ்ஸு போன வாரமே ரிப்பேருக்குப் போச்சே."

அப்படியானால் பக்கத்து வீட்டு வண்டி அலாரமாக இருக்கும் என்றேன். கம்பளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள். நம்பிவிட்டாள். டிஸ்க்கைத் திரும்பச் சொருகியதும் கத்தல் நின்றது. ஆனால் விளக்கு ஞாயிறு மதியம்வரை மினுக்கிக்கொண்டே இருந்தது, நான் சாப்பிட்டது எதுவும் உடம்பில் ஒட்டவில்லை.

நேற்று ஜெரால்ட் வந்து பார்த்துவிட்டு, "சார், ரெண்டுத்துக்கும் ஒரே நம்பர் குட்த்துக்கினா எப்டி சார், கூப்ட்டா எது திரும்பும்?" என்று கேட்டு, கம்ப்யூட்டருக்கு ஐம்பத்தொன்று போட்டான். என் கையால் நான் பிரிக்கவில்லை, அவன் பிரித்தான், இதை நீ ஞாபகம் வைத்துக்கொள். அடுத்த நிமிஷமே பெட்டி வாயைத் திறந்தது. திறந்து, பாஸ்வேர்டு கேட்டது. பூமிகாவுக்குத் தெரியும், ஆனால் எதற்கு என்பாள். உன் பெயர், அம்மா பெயர், நம் ஏரிக்கரை நிலத்தின் சர்வே நம்பர் எல்லாம் போட்டுப் பார்த்தேன். பத்தாவது தடவை இனிமேல் என்னை உள்ளே விடுவதில்லை என்று சொல்லிவிட்டது. நான்கூட ஜனங்களை நாளைக்கு வா என்றுதான் சொல்லுவேன், இப்படி அடியோடு விரட்டியதில்லை.

எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது, தம்பி. என்னால் பூமிகா கல்யாணம் கோணலாகிவிட்டால் நான் யார் முகத்திலும் விழிக்க முடியாது. ஆகவே நீ செய்யவேண்டியது ஒன்றுதான். சனிக்கிழமை சாயங்காலமே வந்துவிடு. வந்ததும் பெட்டியைத் திறந்து பார்ப்பதுபோல் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, இடியில் இதுவும் போய்விட்டது, உள்ளே ஒன்றும் மிச்சமில்லை என்று எல்லார் முன்னாலும் சொல். உன் அண்ணி உன் பேச்சை அப்படியே நம்புவாள், அவளுக்குக் கம்ப்யூட்டர் விஷயம் எதுவும் தெரியாது. உன் மனைவிக்கு என் ஆசி. பிள்ளைகள் நன்றாகப் படித்துப் பெரிய ஆளாக வரட்டும்.

இப்படிக்கு,
உன் அன்பு அண்ணன்,
கு. அப்பாவு.

பி.கு.: படித்ததும் கிழித்துப்போடு.

இன்னொரு பி.கு.:

மோகன் தம்பிக்கு அண்ணி ஈஸ்வரி எழுதுவது. எழுத்து மாறியிருக்கிறதே என்று பயப்படாதே. தபாலில் போடச் சொல்லி உன் அண்ணன் எதைக் கொடுத்தாலும் முதலில் எனக்குக் காட்டிவிட்டுப் போடு என்று ஜெரால்டிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவசரப்படாமல் மெதுவாக ரிப்பேர் பண்ணு என்றும் நான்தான் சொன்னேன். நாலு நாளாக அந்தப் பெட்டியோடு உன் அண்ணன் படும் பாட்டைப் பார்த்துச் சிரித்து எனக்கு விலா வலிக்கிறது.

பொங்கலுக்கு நீ பென்டிரைவில் போட்டுக் கொடுத்த வீடியோவை நான் அப்போதே பார்த்துவிட்டேன். ஜாக்கெட் அளவு கொடுக்க வேப்பம்பட்டுக்குப் போனபோது சம்பந்தியம்மா கல்பனா வீட்டு டிவியில் போட்டு அவரோடு சேர்ந்து இரண்டு தடவை பார்த்தேன். பின்படி வந்ததும் அந்தம்மா கண்ணில் தண்ணி வரச் சிரித்தார். அவர் வீட்டுக்காரர் பாக்கியராஜும் தன் கல்யாணத்தில் மோதிரம் கேட்டு மூன்று வேளை சாப்பிடாமல் படுத்திருந்தாராம். பைக்கு, பீரோ எதுவும் கிடையாது என்று நாங்கள் இரண்டு பேரும் அன்றைக்கே பேசி முடித்துவிட்டோம். ஆம்பளைகள் பேசித்தான் முடிந்தது என்று இருந்துவிட்டுப் போகட்டும்.

எனக்குச் சிரிப்பு வராத இடம் ஒன்று அதில் இருக்கிறது, தம்பி. அந்த வாட்சு எங்கள் அண்ணன் பூவராகவன் வேலைக்குப் போய் முதல் போனஸில் வாங்கியது. கழற்றிக் கொடுத்த பிறகு ஒவ்வொரு படத்திலும் இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே நிற்கிறார். பந்தி பரிமாறும்போதுகூட ஒரே கைதான். இத்தனை வருஷமும் ஒரு வார்த்தை சொல்லிக்காட்டியதில்லை. பார்த்ததிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை.

நீ சனிக்கிழமை வரும்போது பெட்டி கெட்டுப்போச்சு என்று பொய் சொல்ல வேண்டாம். ஒரு நல்ல வாட்சாகப் பார்த்து வாங்கிக்கொண்டு வா. வீடியோ ஓடி முடிந்ததும் உன் அண்ணன் கையால் எங்கள் அண்ணன் கையில் அதைக் கட்டவேண்டும். உன் அண்ணனிடம் இதை இன்னும் சொல்லவில்லை. சொன்னால் கட்டிவிடுவார், நல்ல மனுஷன்தான். கேட்பதற்குத்தான் எனக்கு முப்பது வருஷம் ஆகிவிட்டது.