ஐந்து பேருக்கு அவித்த முட்டை

"பெலகியாக்கா, சூப்புல என்ன, மாட்டுக்கறியா?"

"ஆமா. மேல பாலாடையும் ஊத்திட்டேன். ருசி பாக்குறீங்களா?"

செனோன் தலையில் கை வைத்துக்கொண்டார். போலந்துச் சிற்றூர் ஒன்றின் கலை மன்றம் நடத்தும் யூதக் கலைவிழா அவர் பொறுப்பு. கறியையும் பாலையும் கலந்தால் யூதர்கள் தொடமாட்டார்கள். போன வருடம் வந்த விருந்தாளி பட்டினியாகவே திரும்பிப் போனதில் மேயருக்கு ஏகக் கோபம்.

"ரெண்டு சனமும் ஒண்ணையொண்ணு புரிஞ்சுக்கத்தான்யா விழா! இந்தத் தடவையும் ஒருத்தர் வயிறு காஞ்சு போனாலும் உன் வேலை போச்சு" என்று சொல்லிவிட்டார்.

லூப்ளினிலிருந்து யூத இசைக்குழு ஐந்து பேர் கிளம்பியாயிற்று.

"சூப்பை எடுத்துட்டு, காய்கறி சூப் வைங்கக்கா."

"எந்தச் சட்டியில? நம்ம சட்டி எல்லாத்துலயும் பன்னிக்கறி வெந்திருக்கே, அது பட்ட சட்டியும் அவங்களுக்கு ஆகாதே!"

ஞாயிற்றுக்கிழமை, கடையும் கிடையாது. பக்கத்து வீட்டில் கல்யாணப் பரிசாக வந்து பிரிக்காமல் கிடந்த சட்டியைக் கெஞ்சிக் கூத்தாடி வாங்கினார். அது சூப்புக்குக் காணாத சின்னச் சட்டி. முட்டைதான் அவிக்க முடிந்தது.

கச்சேரி அமர்க்களம். ஊரே எழுந்து நின்று கைதட்டியது. செனோனுக்குக் கண் கலங்கிவிட்டது.

பிறகு பந்தி. இசைக்குழுவின் அக்கார்டியன்காரர் காகிதத் தட்டைப் பார்த்தார்.

"முட்டை மட்டுந்தானா?"

"உங்க முறைக்கு ஒரு குறையும் வராதுங்க" என்றார் செனோன் பெருமையாக.

அக்கார்டியன்காரர் முட்டையை மென்று விழுங்கினார். கிளாரினெட்காரர் சமையலறைப் பக்கம் மூக்கை நீட்டினார்.

"ஏதோ வறுக்கிற வாசனை வருதே..."

செனோன் அதற்குமேல் நிற்கவில்லை. உள்ளே ஓடினார். ஊர்க்காரர்களுக்காகப் பெலகியா பன்றிக்கறி சாசேஜ் வறுத்துக்கொண்டிருந்தாள்.

"குடியைக் கெடுத்தீங்களேக்கா! மொதல்ல இதை வெளிய கொண்டுபோங்க!"

"வெளியன்னா எங்க?"

"அவங்களை ஏத்திட்டு வந்த வேன் டிரைவர் வெளிய சும்மாதானே உக்காந்திருக்காரு. அவருக்குக் குடுங்க, வயிறார சாப்பிடட்டும்."

தட்டு நிறைய சாசேஜ் வேனுக்குப் போனது. யார் மனமும் நோகவில்லை, வேலை தப்பியது என்று செனோன் மூச்சு விட்டார்.

ஐந்து நிமிடத்தில் டிரைவர் அதே தட்டோடு உள்ளே வந்தார். ஒரு துண்டுகூடக் குறையவில்லை. அதைக் கிளாரினெட்காரர் முன்னால் வைத்துவிட்டு, செனோனிடம் சொன்னார்:

"ஐயா, இவங்க அஞ்சு பேரும் காலைல சர்ச்சுக்குப் போயிட்டு வந்தவங்க, பசியில இருக்காங்க. எனக்கு ரெண்டு முட்டை குடுங்க. இந்தக் குழுவுல யூதன் நான் ஒருத்தன்தான்."